இரண்டாவது கயிறு

லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற அந்த மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் மேல ஏத்தி இறக்கினவரு, தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிப் போறாரு பாருங்க" என்று கீழே துணி தேய்க்கும் கடைக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். லிஃப்ட்காரருக்கு அதில் கோபம் கிடையாது. "படிக்கட்டு அறுந்து விழாதுய்யா" என்று பதில் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போவார்.

வேலை செய்த இடத்தில் அவருக்கு 'மெயின்' என்று பட்டப்பெயர். எந்தக் கட்டடத்து மெஷின் அறைக்குள் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "மெயினை ஆஃப் பண்ணியா?" என்பதுதான். மெயினை அணைக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடவிட மாட்டார். இன்னொரு விதியும் உண்டு. லிஃப்ட் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. ஒன்று போனால் தாங்க இன்னொன்று இருக்கும். ஆகவே எதற்கும் ஒரு ஸ்பேர் வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓர் ஆளையும் கீழே போடாமல் காப்பாற்றிவிட்டார். அந்தப் பெருமை அவருக்கு இருக்க வேண்டியதுதான். ஆனால் ஓய்வுபெறும் அன்று திருப்புளியையும் சாவியையும் ஒப்படைத்தவர், விதிகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் டார்ச் இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, கதவுக்குப் பூட்டு இரண்டு. "நான் ஒருத்திதான் இந்த வீட்ல ஸ்பேர் இல்லாம இருக்கேன். அதுவும் என் மேல இருக்கிற பயத்துல" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்லுவார்.

மகள் விஷயத்தில்தான் விதி அவர் கழுத்தைப் பிடித்தது. ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் கணவனோடு புதுவீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அப்போது மாசமாகவும் இருந்தாள். வீடு பார்க்கப் போன லிஃப்ட்காரர், அவர்களோடு லிஃப்டில் ஏறியதும் மேலே எங்கோ கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் காணாத சத்தம், அவ்வளவுதான். அது அவருக்கே தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்பது வயிற்றுப்பிள்ளைக்காரி மகள் அல்லவா? மனுஷன் சும்மா இருப்பாரா? எல்லாரையும் இறக்கிவிட்டு, காவலாளியிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய் மெயினை அணைத்துவிட்டார். கட்டடமே படிக்கட்டில் நின்று மாப்பிள்ளையை வைதது. மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை. பேசியது மகள்தான்.

"அப்பா, உங்களுக்கு இந்த உலகத்துல யார் மேலயாவது நம்பிக்கை இருக்கா? இவர் பார்த்துப் பார்த்து வாங்கின வீடுப்பா இது!"

"யாரு பார்த்து வாங்கினாங்கன்னு கயித்துக்குத் தெரியாதும்மா."

"அப்ப இந்த லிஃப்ட்ல ஏறாதீங்க. எங்க வீட்டுக்கும் வர வேணாம்."

"வரலை. நீயா கூப்பிடற வரைக்கும் நான் போன்கூடப் பண்ண மாட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடியும் நடந்தே இறங்கி வந்துவிட்டார். இவர் பிடித்த பிடியை விடாத ஆள். மகளோ அவருக்கே பிறந்தவள். இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நடுவில் மனைவி கிடந்து அல்லாடினார்.

பிரசவ நாள் நெருங்கவும் மனைவி மகள் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடிக்கடி போன் செய்து பார்ப்பார், பாதி நேரம் லைன் கிடைக்காது. காரணம், லிஃப்ட்காரர் முகம் தெரியாத யாரோடோ கம்ப்யூட்டரில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார். அப்போது அவர் வீட்டு இணையம் போன் வழியாகத்தான் வந்தது. சேவை நிறுவனம் கொடுத்த குறுந்தகட்டிலிருந்து ஏற்றிய சாஃப்ட்வேர் ஒன்று. அதைத் திறந்தால் அதுவே நம்பர் போட்டு, கீகீ என்று கத்தி, இணைப்பைப் பிடிக்கும். மின்னஞ்சல் வருவதும் அதற்குள்தான். அது பிடித்திருக்கிற நேரம் வெளியிலிருந்து யாரும் வீட்டுக்குப் பேச முடியாது. மதியத் தூக்கம் கெடுகிறதென்று மனைவி ஒருமுறை சத்தம் போட்டதால், அந்தக் கத்தலை மட்டும் அவர் கம்ப்யூட்டரிலேயே ஊமையாக்கி வைத்திருந்தார்.

"ஏங்க, இங்க திடீர்னு வலி எடுத்தா உங்களுக்கு எப்படிச் சொல்றது? நீங்க சிப்பாயை நகர்த்திட்டு உட்கார்ந்திருப்பீங்க. பேசாம பிராட்பேண்ட் போடுங்க. போன் பாட்டுக்குப் போன் இருக்கும், அது பாட்டுக்கு அது இருக்கும்" என்றார் மனைவி.

"அவ கூப்பிடுவாளா?"

"நேரம் வந்தா கூப்பிடுவா. முதல்ல லைனைக் காலியா வைங்க."

மகள் கூப்பிடுவாள் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வாரமே அவர் பிராட்பேண்ட் போட்டார். வந்த டெக்னீஷியன் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, விளக்குகள் மினுங்குவதைக் காட்டி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து கேட்டார்.

"இந்தச் சாம்பல் வயர் பழைய போன் லைன் சார். இனிமே வேலையில்ல, கழட்டிடவா?"

"இருக்கட்டும்பா. ஸ்பேர். புதுசு போச்சுன்னா பழசு தாங்கும்."

"அப்புறம் பழைய சாஃப்ட்வேர்ல ஒரு செட்டிங்..."

"அதை நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா."

அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்ட டெக்னீஷியன் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை.

புது இணைப்பு பறந்தது. சதுரங்கக் காய்கள் கண்மூடித் திறப்பதற்குள் நகர்ந்தன. ஆனால் அஞ்சல் வருகிற பழைய சாஃப்ட்வேர் மட்டும் சண்டித்தனம் பண்ணியது. 'இணைக்க முடியவில்லை. மீண்டும் முயல்கிறது' என்று ஒரு மூலையில் எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். மூடித் திறந்தார். பெட்டியை அணைத்துப் போட்டார். வயர்களைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார், சாம்பல் வயரையும் சேர்த்துத்தான். கடைசியில் சாஃப்ட்வேரையே அழித்துவிட்டுக் குறுந்தகட்டிலிருந்து மறுபடி ஏற்றினார். அது குளித்துவிட்டு வந்த மாதிரி புதிதாக நின்று, மறுபடியும் 'மீண்டும் முயல்கிறது' என்றது. சரி, முயலட்டும், உழைக்கிறவனை நிறுத்துவானேன் என்று இரவும் பகலும் அதைத் திறந்தே விட்டுவைத்தார். மகள் அஞ்சலாவது போடுவாள் என்ற நப்பாசை அவருக்கு.

அன்றிலிருந்து போன் மணி அடிக்கவேயில்லை. மகளை விடுங்கள், மனைவிகூடக் கூப்பிடவில்லை.

போனில் கோளாறோ என்ற சந்தேகம் அவருக்கு வராமலில்லை. காலையில் எழுந்ததும் சோதித்துவிடுவார். எப்படி? விதிப்படி. முதலில் மெயினை அணைப்பார், அதாவது கம்ப்யூட்டரை. பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பார். கணீரென்று டயல் டோன் கேட்கும். திருப்தியாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு, சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்குவார். லைனில் குறையில்லை, கூப்பிடத்தான் அவர்களுக்கு மனமில்லை என்று முடிவுகட்டினார். அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்திருப்பார், ஏன் சேரமாட்டார்? டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, வலி எடுத்தால் கூப்பிடாமலா போவார்கள் என்று தேற்றிக்கொண்டார். கை சில நேரம் போன் வரைக்கும் போகும். வீம்பு இழுத்து மடியில் வைத்துக்கொள்ளும். பாவம்தான், ஆனால் பாதிக்குமேல் அவராகத் தேடிக்கொண்டது.

அஞ்சலையாவது சரிபண்ணுவோம் என்று ஒருநாள் காலையில், வழக்கம்போல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சேவை நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது, எரிச்சல் இல்லை.

"கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா சார்?"

"போன் பேசறப்ப எதுக்கும்மா அது? மெயின் ஆஃப்."

"போட்டாத்தான் சார் பார்க்க முடியும். போட்டு, அந்த சாஃப்ட்வேரைத் திறங்க."

போட்டார். திறந்தார். திறந்த கொஞ்ச நேரத்தில் காதுக்குள் டிங் டொங் டிங் என்று சத்தம்.

"சார், யாரோ நம்பர் அழுத்தறாங்க."

"வீட்ல நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன்."

"இல்ல சார், அழுத்தறாங்க. இதோ, மறுபடியும்."

அவர் எழுந்து சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வேறு போனே வீட்டில் கிடையாது. அந்தப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"சார், பழைய போன் வயர் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கா? சாம்பல் கலர்ல?"

"இருக்கு. ஸ்பேர்."

"உங்க கம்ப்யூட்டர்தான் சார் நம்பர் அழுத்துது. சாஃப்ட்வேருக்கு நீங்க பிராட்பேண்டுக்கு மாறினதே தெரியாது. பழைய நம்பரையே போட்டுட்டிருக்கு. அந்தப் பக்கம் உங்களைச் சேர்க்க மாட்டாங்க, அதனால மறுபடி மறுபடி போடுது. இது எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?"

"நாள் பூரா." அவர் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரியும்."

"அப்ப உங்க வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடிஞ்சிருக்காதே சார். எப்பப் போட்டாலும் எங்கேஜ்டுதான் வந்திருக்கும்."

லிஃப்ட்காரர் குனிந்து சாம்பல் வயரைப் பார்த்தார். அணைத்துவிட்டுச் சோதித்த காலைகள் எல்லாம் அவருக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. ஓடுகிறபோது கெடுகிற ஒன்றை நிறுத்திவிட்டுச் சோதித்தால் என்ன தெரியும்? வேலைக்குப் புதிதாக வந்த எவனாவது இதைச் செய்திருந்தால் மெஷின் அறையிலேயே வைத்துக் காய்ச்சியிருப்பார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. நான் லிஃப்ட்ல வேலை பார்த்தவன். ரெண்டாவது கயிறு இல்லாம எதையும் விட்டதில்ல. அதான்..."

"புரியுது சார்" என்றாள் அவள். நிஜமாகவே புரிந்த மாதிரிதான் சொன்னாள். "இப்ப அந்த வயரைக் கழட்டிடுங்க. மெயினை ஆஃப் பண்ண வேணாம், அப்படியே இழுக்கலாம்."

ஆயுளில் முதல்முறையாக, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் வயரை அவர் பிடுங்கினார். பிறகு அவள் சொன்னபடி 'இணைப்பு முறை' என்ற இடத்தில் தொலைபேசியை எடுத்துவிட்டு பிராட்பேண்டைத் தேர்ந்தெடுத்தார். மூலையில் இருந்த எழுத்து மறைந்தது. அஞ்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழத் தொடங்கின. முக்கால்வாசி மகளிடமிருந்து. தலைப்புகள் மட்டும் கண்ணில் பட்டன: 'அப்பா, ரிசீவரை வைங்க.' 'அப்பா, ப்ளீஸ்.' 'இன்னுமா கோபம்?'

"மெயில் வருதா சார்?"

"வருதும்மா. தப்பா நினைக்காதே, நீ கொஞ்சம் போனை வெச்சிடு. எனக்கு லைன் வேணும்."

வேறு உதவி தேவையா என்று கேட்க வேண்டியது அவள் வேலையின் சட்டம். அவள் கேட்காமல் வைத்துவிட்டாள்.

எந்த அஞ்சலையும் அவர் திறக்கவில்லை. மகள் வீட்டு நம்பரைப் போட்டார். நீயா கூப்பிடற வரைக்கும் என்று சொன்ன வாய் எங்கே போயிற்றோ தெரியாது. கை அதுபாட்டுக்குப் போட்டது. எடுத்தது மனைவி.

"நான்தான்" என்றார்.

"வெக்க மனசு வந்துச்சா ரிசீவரை?"

"நான் எடுத்தே வெக்கலம்மா. கம்ப்யூட்டர்..."

"பேசாதீங்க. நான் பேசி முடிச்சுக்கறேன். பேத்தி பொறந்து நாலு நாளாச்சு. தேதிக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப, ஒத்தைக் கால்ல செருப்பை மாட்டிக்கிட்டு நின்னு உங்களுக்குப் போட்டுட்டே இருந்தா. எங்கேஜ்டு, எங்கேஜ்டு. 'அப்பா பயப்படுவாரும்மா, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் லிஃப்ட்ல ஏறுவேன்'னு பிடிவாதம். மாப்பிள்ளைதான் கையைப் பிடிச்சு ஏத்திக் கூட்டிட்டுப் போனார். அவர் இப்ப அங்க வரத்தான் பையைக் கட்டிட்டிருக்கார், தனியா இருக்கிற மனுஷனுக்கு என்னமோ ஏதோன்னு."

லிஃப்ட்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணாடி இருந்தும் ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. மகள் லிஃப்டில் ஏறாமல் தன் ஒரு வார்த்தைக்காக நின்றிருக்கிறாள், தான் இங்கே அவளை வைதுகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

அங்கே போன் கை மாறியது.

"அப்பா."

"கண்ணு."

"இத்தனை நாளா யாரோடப்பா பேசிட்டிருந்தீங்க?"

"யாரோடயும் இல்லடா. நீ கூப்பிடுவேன்னு உட்கார்ந்திருந்தேன்."

"நான் கூப்பிட்டுட்டேதான் இருந்தேன்."

"தெரியும்மா. இப்பத்தான் தெரிஞ்சது. தப்பு என் மேலதான், எல்லாமே. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன். பாப்பாவைப் பார்க்க வருவீங்களா?" என்று கேட்டவள், பழைய சண்டை நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவசரமாகச் சொன்னாள். "ஏழு மாடிப்பா. உங்க முட்டியோட எப்படி ஏறுவீங்க? வேணும்னா நாங்க கீழ எடுத்துட்டு வர்றோம்."

"வேணாம். பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு அலையாதே. நான் லிஃப்ட்ல வர்றேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு மகள், ரிசீவரை மூடக்கூட மறந்து, உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிடுவது கேட்டது.

"ஏங்க, இங்க வாங்களேன். அப்பா நம்ம லிஃப்ட்ல வர்றாராம்."