தகரத்தின் மேல் கிடுகு

என் தொண்டைக்கும் தகரக் கூரைக்கும் பழைய பகை. வீட்டின் பக்கவாட்டில் இறக்கியிருந்த பத்தியில்தான் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்து வந்தேன். மாரி பிறந்து மழை அடித்தால், அந்தப் பத்தித் தகரத்தில் விழும் சத்தத்தில் சுருதிப்பெட்டி வேலை செய்கிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுவது தெரியும். என்ன பாடுகிறார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நானும் விடாமல் கத்துவேன். அப்படிக் கத்திக் கத்தி ஒரு மாரியில் தொண்டை கட்டிப்போய், தை பிறந்தும் குரல் வரவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கக்கூடக் கையைக் காட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் வகுப்பை வைக்கலாமே என்று கேட்பவர்கள் மாரியில் ஒருக்கால் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். என் கணவர் வயல்காரர். விதைநெல், உரப்பை, மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் உள்ளேதான். அவற்றுக்கு நடுவே நாங்கள் இருவரும் பாய் விரிப்பதே பெரிய காரியம்.

“இஞ்சேரும், நான் கண்டிப்பாச் சொல்லிப்போட்டன்,” என்றார் அவர். “அடுத்த மாரியிலயும் உமக்குத் தொண்டை போனா வகுப்பை மூடுறம். பாட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. கோபப்படுகிறவரோடு சண்டை பிடிக்கலாம், பயப்படுகிறவரை என்ன செய்வது? “சரி, போனா மூடுறன். ஆனா போகாது,” என்று வாயை விட்டுவிட்டேன். எப்படிப் போகாமல் காப்பது என்று எனக்கே தெரியாது. அந்த வகுப்பு இல்லாவிட்டால் நான் யார் என்பதும் தெரியாது.

வளவுக்குள், கிணற்றுக்கு இந்தப் பக்கம், நாலு பக்கமும் திறந்த, மழைச் சத்தம் குறைந்த கூரையோடு ஒரு கொட்டில் போடுவதென்று முடிவானது. தூணுக்கும் சீமெந்து நிலத்துக்கும் ஒரு பிரச்சினையும் வரவில்லை. கூரையில்தான் வந்தது. எங்கள் பக்கம் கூரைச் சாமான் வாங்கும் முறையே ஒரு கூத்து. ஆவணி வெயிலில், உச்சி நேரம், கூரைத் தகட்டுச் சீற்றுக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். எது குறைவாகச் சுடுகிறதோ அதுதான் நல்ல சீற். மழை எப்படிச் சத்தம் போடும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க அப்போது மழை இல்லையே! மழை வரும்போது கூரைக்கு ஆணி அடித்தாகிவிடும். பிறகென்ன, மாரி முழுக்க வீட்டுக்கு வீடு கத்திக்கத்தித்தான் கதைக்கிறார்கள். ஓடு போடலாமென்றால் குரங்குகள் விடா. எங்கள் வீட்டு ஓடுகளை மாற்றி மாற்றியே அவர் களைத்துப்போயிருந்தார்.

மாங்குளத்தில் ஒரு சாமான் கடைக்குப் போனோம். “முதலாளி, ஒரு பூவாளியில தண்ணி தாங்கோ,” என்றேன்.

“ஏன் ரீச்சர், பூக்கண்டு வாங்கப்போறியளோ?”

“இல்லை. ஒவ்வொரு சீற்றுக்கும் மேல ஊத்துங்கோ. நான் கீழ நிண்டு பாடிப் பாக்கப்போறன்.”

என் கணவர் மெல்ல நழுவி றோட்டைக் கடந்து, எதிர்க்கடையில் வாழைக்குலை பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். எனக்கென்ன வெட்கம்? நிறத் தகரத்துக்குக் கீழே நின்று ‘ச’ பிடித்தேன், எடுபடவில்லை. கண்ணாடிச் சீற் பொரி பொரிவதுபோல் படபடத்தது. அடியில் பஞ்சு ஒட்டிய சீற்றில் மேல் ஸ்வரங்கள் மட்டும் கேட்டன, கீழே இறங்கியதும் தண்ணீர் அமுக்கிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற சனம் கூடிவிட்டது. “ரீச்சர் நல்லாத்தான் பாடுறியள், ஆனா ஒரு சீற்றும் வாங்கேல்லையே,” என்று முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

பிறகு புரட்டாதியில் ஒரு நாள் துணுக்காய்ப் பக்கம் முட்டை வாங்கப் போயிருந்தேன். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் ஒரு மலையகத்துப் பெண். திடீரென்று இடியோடு மழை கொட்ட, இருவரும் கோழிக்கூட்டுக்குள் ஓடி ஒதுங்கினோம். கோழிகள் கொக்கொக்கென்று கதைத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் திடுக்கிட்டேன். இந்த மழையில் கோழியின் குரல் எப்படிக் கேட்கிறது?

“இது என்ன கூரை?” என்றேன்.

“தகரந்தான் டீச்சர். வெயிலுக்குக் கோழி சாகுதுன்னு மேல தென்னோலைக் கிடுகு போட்டிருக்கேன்.”

“மழைச் சத்தமே இல்லையே!”

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். “அட, ஆமா! இத்தனை நாளா நான் கவனிக்கவே இல்லையே!”

அந்த இடத்திலேயே கீழ் ஸ்தாயியில் இறங்கிப் பாடினேன். ஒவ்வொரு ஸ்வரமும் துலக்கமாகக் கேட்டது. கோழிகள்தான் பாவம், ஒரு மூலைக்கு ஓடின. சந்தோஷத்தில் முட்டை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

“தகரத்துக்கு மேல கிடுகோ?” என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சேட்டுக்கு மேல பெனியன் போட்ட மாதிரியெல்லோ இருக்கும்!” சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. “ஆக்கள் என்ன சொல்லுவினம்? கிடுகுக் கொட்டில்ல கிடந்து இப்பத்தானே கல்வீட்டுக்கு வந்தனாங்கள்.”

“சொல்லட்டும். மழையில அவையள் கதைக்கிறது அவையளுக்கே கேக்காது.”

“ஈரத்தில தகரம் கறள் பிடிக்கும்.”

“இடையில கம்பு வைப்பம். காத்துப் போகும்.”

மாங்குளத்து முதலாளியிடமே தகரம் எடுத்தோம். பளையில் கிடுகு வாங்கி உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி வந்தோம். காற்று அள்ளாமலிருக்க முல்லைத்தீவிலிருந்து பழைய மீன்வலை எடுப்பித்து மேலே போர்த்தி இழுத்துக் கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். “என்ன ரீச்சர், கோழி வளக்கப்போறியளோ?”

“ஓம், பாடுற கோழியள்,” என்றேன்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. அன்றைக்கு அவர் வயலுக்குப் போகவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து கொட்டிலின் ஓரத்தில் போட்டுக்கொண்டு, வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல் உட்கார்ந்தார். சுருதிப்பெட்டியை முடுக்கினேன். பிள்ளைகள் தொடங்கினார்கள். மழை வலுத்தது, இன்னும் வலுத்தது. அங்கால் பத்தித் தகரம் அலறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மேலே யாரோ அரிசி கொழிப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அப்போது பின்வரிசையில் ஒரு பிள்ளை நிஷாதத்தைப் பிழையாகப் பிடித்தாள். ஒரு மயிரிழை கீழே. இத்தனை வருஷ மாரியில் மழைக்குள் ஒரு பிள்ளையின் பிழை எனக்குக் கேட்டதே இல்லை. ஐயோ, அந்தப் பிழையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! எழுந்து ஆடலாம்போல் இருந்தது.

“பிள்ளை, நிஷாதம் கொஞ்சம் கீழ நிக்குது. திருப்பிப் பாடும் பாப்பம்,” என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவளுக்குக் கேட்டது. திருப்பிப் பாடினாள், சரியாக வந்து நின்றது.

என் கணவர் கதிரையில் முன்னால் சாய்ந்தார். “இப்ப சரியோ?” என்று மெல்லக் கேட்டார். அதுவும் எனக்குக் கேட்டது.

“ஓம், சரி.”

“நாளைக்கும் மழையாம்.”

“பெய்யட்டும்,” என்றேன். “நாளைக்கும் வகுப்பு இருக்கு.”