குளிரில் மட்டும் சாகும் கார்

இதைப் படித்துவிட்டு "கற்பனை நன்றாக இருக்கிறது" என்று யாரும் என்னிடம் வந்து சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். கற்பனை செய்கிற ஆள் இல்லை நான். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வண்டி ஓடினால் ஓடும். ஓடாவிட்டால் எங்கோ ஒரு ஒயர் போயிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். போன குளிர்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் நெஸ்டருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கனடாவின் சாஸ்கடூன் நகரத்தில் டயாலிசிஸ். எங்கள் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். இரண்டாவது முறை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் சொன்னார்; அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புகிற கார்.

பழைய காரின் கியர்பாக்ஸ் நவம்பரில் கையை விரித்துவிட்டது. அவசரத்தில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பழுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினோம். துரு இல்லை, டயர் புதுசு, ரிமோட் ஸ்டார்ட்கூட இருந்தது. இங்கே அது இல்லாமல் குளிர்காலத்தை ஓட்ட முடியாது. வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஓடும், ஹீட்டர் ஓடும், கதவுகள் பூட்டியே இருக்கும், சாவி நம் கையில் இருக்கும். பதினைந்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும்.

"நல்ல வண்டி, அண்ணி. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான் ஓரெஸ்ட். நெஸ்டரின் தம்பி. பொட்டாஷ் உரச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். வேறென்ன சொல்ல.

டிசம்பரில் முதல் கடுங்குளிர். மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. எஞ்சின் உறையாமல் இருக்க, ராத்திரி முழுக்க அதன் ஹீட்டரை வீட்டு மின்சாரத்தில் சொருகித்தான் வைத்திருந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. பேட்டரி சுத்தமாகச் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு டிரக்கில் கேபிள் போட்டுக் கிளப்பினேன். அன்றைக்கே புது பேட்டரி மாட்டினேன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. மறுபடி குளிர் இறங்கியது. மறுபடி செத்தது.

எங்கோ மின்சாரம் கசிகிறது என்று ஓரெஸ்ட் காரைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனான். அவன் கராஜில் ஹீட்டர் உண்டு. மீட்டரை மாட்டி இரண்டு நாள் பார்த்தான். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"என் கராஜ்ல பச்சப்புள்ள மாதிரி தூங்குது, அண்ணி. ஒரு குறையும் இல்ல."

"அப்ப என் வீட்லதான் குறைங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல. அண்ணன்தான் சொல்லுவாரு."

கொண்டுவந்து விட்டான். அடுத்த வியாழக்கிழமை காலை மைனஸ் முப்பத்து நான்கு. கார் பிணம். அன்று பனிப்புயல் வேறு. உதவிக்கு யாராலும் வர முடியவில்லை. நெஸ்டரின் டயாலிசிஸ் தவறியது. சாயங்காலத்துக்குள் அவர் கணுக்கால் காலுறைக்கு மேல் பிதுங்கி நின்றது.

"இன்னும் நாலு பெரோகி கொழுக்கட்ட சாப்பிட்டேன்னா, உன் பஸ்ஸுக்கு ஸ்டெப்னியா என்னையே மாட்டிக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய் அந்தக் காரின் டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

அப்போதுதான் கவனித்தேன்.

காரின் உள்பக்கத்தில் பனி பிடித்திருந்தது. வெளிப்பக்கம் பனி பிடிப்பது சகஜம். உள்பக்கம் அப்படி இல்லை. யாராவது உள்ளே உட்கார்ந்து ரொம்ப நேரம் மூச்சு விட்டிருந்தால்தான் அது படியும். நானோ அந்தக் காரில் இரண்டு நாளாக ஏறவே இல்லை. பனியும் எல்லாக் கண்ணாடியிலும் இல்லை. பின்பக்கம் வலது கண்ணாடியில் மட்டும்.

ஹீட்டர் குழாய் எங்காவது ஒழுகும் என்று நினைத்துக்கொண்டேன். சுரண்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. கார் வாங்கியதிலிருந்தே அதே வலது பின்கதவு உள்ளிருந்து திறக்காது. குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கக் கதவோரத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்குமே, அது போட்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்தால் நெஸ்டர் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்வார். இறங்குவது அந்தப் பக்கம்தான். அதனால் பூட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் போட்டிருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி போட்டிருந்தது.

"ஓரெஸ்ட், நீ எதையாவது நோண்டினியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல அண்ணி."

"பின்ன யாரு, உங்க செத்துப்போன தாத்தாவா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

கராஜின் வெதுவெதுப்பில் அகப்படாத கோளாறு, குளிரில்தான் அகப்படும் என்று ஓரெஸ்டுக்குக் கடைசியில் புத்தி வந்தது. புயலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேராக வந்தான். ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. கார் எங்கள் வாசலில் வெட்டவெளியில் நின்றது. செத்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை மாட்டினான். காரைப் பூட்டினோம். வண்டி முழுதாக அடங்கட்டும் என்று உள்ளே போய் போர்ஷ் சூப் குடித்தோம். திரும்பி வந்து டார்ச் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்தோம். கிட்டத்தட்டப் பூஜ்யம். காத்திருந்தோம். விரல் மரத்தது. மூக்குமுடியில் பனி கட்டியது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் அதைவிடக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

5:40.

'டக்.'

மீட்டர் எகிறியது.

"வந்துட்டான்!" என்று ஓரெஸ்ட் கத்தினான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். விளக்கு... இல்லை. ரேடியோ... இல்லை. ஹீட்டர்... இல்லை. நீல நிறத்தில் ஒன்றைப் பிடுங்கினான். மீட்டர் விழுந்தது.

"ஹார்ன், அண்ணி! ஹார்னுக்குப் போற லைன். யாரோ விடாம ஹார்ன அமுக்கிட்டிருக்கிற மாதிரி கரண்ட இழுக்குது. ஹார்ன் குளிர்ல உறைஞ்சு கெடக்கு, அதான் சத்தம் வரல."

சத்தம் வந்தது. ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன்னால், அடியில் எங்கோ, தொண்டை கட்டியவர் இருமுகிற மாதிரி... மூன்று தடவை. நான் கேட்டேன். அவன் கேட்கவில்லையாம்.

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது, ஹார்ன் இல்லாம ஓட்டுங்க. இந்த ரோட்ல எதுக்கு ஹார்ன், மானுக்கா? ஃபியூஸப் பையில போட்டு வச்சுக்குங்க. கோடைக்கு ஸ்டியரிங்கப் பிரிச்சுப் பார்க்கிறேன்."

அந்தச் சின்ன நீலத் துண்டைக் கோட்டுப் பையில் போட்டேன். ஒன்றரை மாதமாக என்னை ஆட்டிவைத்தது இத்தனூண்டுதானா என்று எரிச்சலாக வந்தது. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை மைனஸ் முப்பத்தாறு. முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது! நான் ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தேன். நெஸ்டர் பொறாமையாக இருக்கிறது என்றார்.

டயாலிசிஸ் முடியும்போது மணி மூன்றரை தாண்டியது. இடையில் ஒரு முறை தவறியதால் நிறைய நீர் எடுத்திருந்தார்கள். நெஸ்டர் துவண்டு போயிருந்தார். பின்சீட்டில் படுத்ததும் கண்ணை மூடிவிட்டார். வழியில் மருந்துக் கடை. பெரிய கடை. தகரமும் கான்கிரீட்டுமாகக் கட்டியது.

"ஏங்க, பத்தே நிமிஷம். மாத்திர வாங்கிட்டு வந்துடறேன்."

"ம்ம்."

சாவியை வண்டியிலேயே விட்டுப் போனால் திருட்டுப் பயல்கள் வண்டியோடு அவரையும் கொண்டுபோய்விடுவார்கள். இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சாவியை எடுத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். எஞ்சின் ஓடியது. ஹீட்டர் ஓடியது. கதவு பூட்டியது.

உள்ளே வரிசை. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டில் ஏதோ குளறுபடி. கவுண்டரில் இருந்த பெண் யாருக்கோ போன் போட்டாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். பத்து நிமிடம் கடந்தது தெரிந்து, வெளிச்சுவர் பக்கம் போய் ரிமோட்டை இன்னொரு தரம் அமுக்கினேன். ரிமோட்டில் பச்சை விளக்கு மினுக்கியது. போதும், இன்னும் பதினைந்து நிமிடம் ஓடும். திரும்பி வந்து அந்தப் பெண்ணோடு சண்டை போட்டேன்.

சண்டை சுவாரஸ்யத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

அப்போது கேட்டது.

ஹார்ன்.

வெளியே. நீளமாக. தொண்டை கட்டிய மாதிரி. மூன்று தடவை.

"யாருடைய வண்டி அது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.

என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

ஃபியூஸ்... பையில் இருந்தது.

ஓடினேன்.

கார் இருட்டாக இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. நான் இரண்டாம் தரம் அமுக்கியது தகரச் சுவரைத் தாண்டிப் போகவே இல்லை. எல்லாக் கண்ணாடியும் உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது.

முன்கதவைத் திறந்தேன். ஸ்டியரிங் பக்கம் யாரும் இல்லை.

பின்கதவைத் திறந்தேன். "நெஸ்டர்! நெஸ்டர்!"

உதடு நீலம். கன்னத்தில் அறைந்தேன். அசைவில்லை.

மறுபடி அறைந்தேன்.

கண் திறந்தது.

கடைக்காரர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டாராம். அந்தக் குளிரில் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எழுந்தே இருக்க மாட்டாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

"நீங்க எப்படிங்க ஹார்ன் அடிச்சீங்க?"

"நான் எங்க அடிச்சேன்? கையத் தூக்க முடியல என்னால." அறைக்குள் யாரையோ கண்ணால் தேடினார். பிறகு கேட்டார். "அந்தப் பெரியவர் எங்க?"

"எந்தப் பெரியவர்?"

"வண்டியில எனக்குப் பக்கத்துல இருந்தாரே. என்னத் தாண்டித்தான் முன்சீட்டுப் பக்கம் எக்கினாரு. கை பட்டுச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு, வெரா. 'நான் அடிக்கிறேன் தம்பி, இந்தத் தடவை கேட்கும்'னாரு."



திங்கட்கிழமை அந்த வியாபாரியைப் போனில் பிடித்து, போலீஸுக்குப் போவேன் என்று பொய்யாக மிரட்டி, காரின் முந்தைய சொந்தக்காரர் பெயரையும் எண்ணையும் வாங்கினேன். லைல் பென்னர். வடக்கே ஒரு ஊர். அவரைக் கூப்பிட்டு, உங்கள் பழைய காரை வாங்கியவள் நான் என்றேன். 

அவர் மெதுவாகக் கேட்டார். "ஹார்ன் வேலை செய்யுதாங்க?"

"ஏன் கேட்கறீங்க?"

"அப்பாவுக்கு ஞாபக மறதி. ஓடற வண்டியில கதவத் திறந்துடுவாரு. அதனால பின்கதவுல குழந்தைப் பூட்டு போட்டிருந்தேன். போன வருஷம் ஜனவரி... கடை வாசல்ல நிறுத்திட்டு, ரிமோட்ல வண்டிய ஓடவிட்டுட்டுப் போனேன். அவரு பின்னாடி தூங்கிட்டிருந்தாரு. உள்ள தெரிஞ்சவங்களப் பார்த்தேன்... பேச்சுல... வண்டி நின்னுபோனது தெரியல."

  நானும் அதையேதான் செய்திருந்தேன்.

"திரும்பி வந்தப்ப, ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல குப்புறக் கிடந்தாரு. கை ஹார்ன் மேல இருந்துச்சு. அழுத்தி... அழுத்தி..." அவர் குரல் உடைந்தது. "கடை வாசல்லதாங்க நிறுத்தியிருந்தேன். அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

"ஏன், அடிக்கலையா?"

"அந்த ஹார்ன் குளிர்ல கோளாறு பண்ணி பேட்டரியத் தின்னுட்டிருந்துச்சு. அதுக்கு மொத நாள்தான் அதோட ஃபியூஸப் பிடுங்கினேன்" என்றார் லைல். "அது என் கோட்டுப் பையில இருந்துச்சு."

போனை வைத்துவிட்டு நேராக வெளியே போனேன். பானட்டைத் தூக்கி அந்த நீலத் துண்டைத் திரும்பச் சொருகினேன். ஓரெஸ்ட் வேண்டாம் என்று தலையால் தண்ணீர் குடித்தான். வாயை மூடு என்றேன்.

அதற்குப் பிறகு மைனஸ் நாற்பதுகூடப் போனது. பேட்டரி ஒரு நாளும் சாகவில்லை. ஹார்னும் தானாக அடித்ததில்லை. நெஸ்டரை நான் வண்டியில் தனியாக விடுவதும் இல்லை.

குழந்தைப் பூட்டு திறந்திருக்கிறதா என்று மட்டும் தினம் ராத்திரி பார்த்துவிட்டு வருகிறேன். பெரியவர் இறங்கிப் போகட்டும் என்றுதான்.

காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு திறந்தேதான் இருக்கிறது. பின்பக்கம் வலது கண்ணாடியில், உள்ளே, பனி.