சிவப்பு வட்டம் போட்ட அம்மா

மாடியில் பிரசவ வார்டில் என் மனைவி கவிதா. பக்கத்தில் டாக்டர். கீழே ரத்தப் பரிசோதனை ஜன்னலில் சிவப்புப் பேனாவோடு ஒல்லியாக ஒரு அம்மா. படியில் ஓடிக்கொண்டிருந்தது நான்.

கவிதாவுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். டாக்டர் அவள் ரத்த மாதிரிக் குப்பியோடு கொடுத்த சீட்டில் பேர் மட்டுமே இருந்தது. அந்த அம்மா காலிக் கட்டங்களுக்கு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

"வயசு, வார்டு, நம்பர் எதுவுமில்லீங்களே. டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாங்க."

"உசுரு போகுதுங்க!"

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். சட்டையெல்லாம் பஞ்சு, பனியன் கம்பெனிங்களா? சைஸ் எழுதின டிக்கெட் இல்லாத துணிப் பண்டலைத் தைப்பீங்களா?"

"மாட்டமுங்க."

ஒரே ஓட்டமாக ஏறினேன். டாக்டர் எல்லாம் எழுதினார். இறங்கினேன். ரத்தம் ஏறியது, கவிதா கண் விழித்தாள்!

கும்பிடப் போனேன். அந்த அம்மா நிமிராமல் தட்டைக் காட்டினார். அன்று அதில் கவிதா என்ற பேரில், வயசும் வார்டும் வேறு வேறாக, இருந்த ரத்தக் குப்பிகள் மூன்று.