தேவானை அக்காவின் கூழ்ப்பானை

வாயைத் துணியால் மூடிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து விலகி ஓடுகிறோம். மூடாமல் இருமுகிறவர் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோமே, ஏன்? இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் குழாயடியில் தேவானை அக்கா என்னிடம் இதைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை என்று நம்பிக் கேட்டிருப்பார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடி ஊரெல்லாம் சுற்றுகிறேன். அந்தக் கேள்வியும் கூடவே சுற்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருக்கிறோம். அக்காவுக்குக் கீரை வியாபாரம். தி.நகர் தெருக்களில் கூடையோடு நின்று "கீரேய்" என்று அவர் இழுத்தால் மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்து அந்தக் குரலைத் தின்றுவிட்டது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். ஊசியும் மாத்திரையும் விடாமல் எடுத்துக்கொண்டால் குணமாகிவிடும், இருமும்போது மட்டும் வாயை மூடிக்கொள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

இருமல் சொல்லிக்கொண்டா வருகிறது? அக்கா எப்போதும் மூடிக்கொள்வது என்று முடிவு செய்தார். கணவர் பொன்னுரங்கத்தின் பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, மூக்கிலிருந்து தாடை வரை வைத்துப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டார். கட்டிய துணியைத் தினமும் வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் உலர்த்துவார். வீட்டிலும் பஸ்ஸிலும் அதே கோலம்தான். டாக்டரம்மா அனுமதித்த பிறகு மறுபடி கூடையைத் தூக்கினார். துணிக்குள்ளிருந்து குரல் எழும்பாததால் ஒரு தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு விற்றார்.

"இன்னாம்மா, பாங்கியக் கொள்ளையடிக்கப் போறியா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார்.

"ஆமா நைனா. உன் பையில சில்ற எவ்ளோ கீது?" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

குழாயடியில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம், "தோ, மூஞ்சியக் கட்டிக்கினு வருது, குடத்தத் தள்ளி வை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

எங்கள் அம்மன் கோயிலில் ஆடி மாதம் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டுக் கூழையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலப்பார்கள். கலந்த பிறகு யார் வீட்டுக் கூழ் என்ற பேச்சே கிடையாது. அந்த ஆடியில் அக்காவின் பானையை மட்டும் கலக்கவில்லை. வேப்பமரத்தடியில் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வரை ஒருவரும் தொடவில்லை. அக்கா அழவில்லை. "அடுத்த ஆடிக்கு இந்தப் பானை அண்டாவுல எறங்கணும்" என்று கணவரிடம் சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்த ஆடிக்குள் நோய் குணமாகிவிட்டது. சளி சுத்தம், இனித் துணி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முகம் நிறைய மஞ்சளோடு அக்கா பானையைச் சுமந்து வந்தார். கோயில் காரியங்களை நடத்தும் சுப்புராயன் மாமா காலி அண்டாவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"ஓரமா வை தேவானை. ஊரே குடிக்கிறது."

"எனக்கு நல்லாயிடுச்சு மாமா. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"அவங்களா வந்து கூழு குடிக்கப் போறாங்க?" என்ற மாமாவுக்குச் சுருட்டு இருமல் வந்தது. அண்டாவுக்கு நேராகவே இருமித் தீர்த்தார். ஒருவர்கூட நகரவில்லை.

அந்த நேரத்தில் பூசாரி படையல் தட்டோடு வந்தார். வழக்கப்படி அவர் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அக்கா பானையை இறக்காமலே கேட்டார்: "பூசாரியப் பாரு மாமா. அவருக்கு இன்னா வியாதி?"

மாமா திரும்பிப் பூசாரியின் வாய்த்துணியைப் பார்த்தார்.

"ஆத்தா மேல எச்சி படக்கூடாதுன்னு கட்டிக்கினு கீறாரு. அத பக்தின்றீங்க. என் கொழந்த மேல படக்கூடாது, உங்க மேல படக்கூடாதுன்னு நான் ஒரு வருசம் கட்டினேன். அதுக்கு மட்டும் குடத்தத் தள்ளி வெக்கறீங்க."

பூசாரி தட்டை அம்மன் முன் வைத்துவிட்டுத் துணியைக் கீழே இறக்கினார். "அண்டாவ இன்னொரு வாட்டி கழுவுங்கப்பா. சுப்புராயன் இருமினது அதுலதான் கீது" என்றார். கூட்டம் சிரித்தது. "இனிமே கூழு கலக்கறவன் எவனா இருந்தாலும் வாயக் கட்டிக்கினுதான் கலக்கணும். தேவானை, மொதல்ல நீ ஊத்து."

கழுவிய அண்டாவில் அக்காவின் கூழ் முதலில் இறங்கியது. மற்ற பானைகள் அதன் மேல் இறங்கின. கலக்குவது சுப்புராயன் மாமாவின் உரிமை. தோள் துண்டை எடுத்து வாயில் கட்டிக்கொண்டார்.

"மாமா வாய மூடி இப்பதான் பாக்கறேன்" என்றாள் தங்கம். அவளே முதல் ஆளாகச் சொம்பை நீட்டினாள். அக்கா அதை நிறைத்து ஊற்றினார். அங்கேயே நின்று குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று மறுபடி நீட்டினாள்.

அந்த வாரமே தங்கத்தின் மாமியார், வெகுநாளாக மறைத்து வைத்திருந்த இருமலோடு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு வேறு சிலரையும் அழைத்துப் போயிருக்கிறார். எங்கள் குடிசைகளில் இன்று யாராவது துணி கட்டிக்கொண்டு வந்தால் வரிசையில் இடம் கொடுக்கிறார்கள், குடத்தைத் தள்ளுவதில்லை.

உங்கள் தெருவிலும் இருமலை மறைத்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் என்றால் இதை அவரிடம் கொடுங்கள். தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.