மதினியின் கையில் தாழம்பூ அத்தர்

மதினியின் முகத்தைவிட அவளுடைய இடது கைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. வளையல்களைக் கழற்றிவிட்டுக் கோரைப்பாயின் மேல் நீட்டி வைத்த கை. மணிக்கட்டிலிருந்து மேலே நான்கு இடங்களில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. ரோஜா, மல்லிகை, சந்தனம், வெட்டிவேர். ஐந்தாவதாகத் தாழம்பூவை வைத்தவள் நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மறுவாரம் என்னைப் பெண் பார்க்க இராமேஸ்வரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள்.

மதினி என் அண்ணனின் மனைவி. அவளுடைய அப்பா பாம்பனில் ரயில்வேயில் கலாசி என்கிற கடைநிலை வேலையில் இருந்தவர். கடற்காற்றிலேயே வளர்ந்தவளை முதுகுளத்தூர்க் கரிசலுக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். வந்த புதிதில், "இங்கன காத்துக்கு வாசமே இல்லையே புள்ள" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். அண்ணன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அய்யா காலமான பிறகு வீட்டுக்கு அவர்தான் தலை என்றாலும் ஆத்தா சொல்லுக்கு மறுசொல் பேசமாட்டார். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் மதினிக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையையெல்லாம் சேர்த்து என் மேல் பாசமாகக் கொட்டினாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தலை பின்னிவிடுவதும், என் தாவணிக்குக் கரை தைப்பதும் அவள்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நான் வெறும் மஞ்சள் வாசத்தோடு போய் நிற்கக்கூடாது, ஒரு நல்ல அத்தர் வேண்டும் என்று அண்ணனிடம் பிடிவாதம் பிடித்ததும் அவள்தான்.

அத்தர் விற்கிற அம்மா கீழக்கரையிலிருந்து பஸ் மாறி மாறி எங்கள் ஊருக்கு வருவாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு தகரப் பெட்டியோடு தெருவில் நுழைந்தால் ஆளுக்கு முன்னால் வாசம் வந்துவிடும். அத்தரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். புட்டியை மோந்து பார்த்து வாங்க யாரையும் விடமாட்டாள். "தோல்ல போட்டுக் கொஞ்ச நேரம் இருந்து பாருங்க மகளே, பொறவு வெலை பேசுவோம்" என்பாள்.

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குத்தான் கண்டேன். ரோஜா அத்தரை என் மணிக்கட்டில் தொட்டு வைத்ததும் கோயில் பன்னீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. ஆனால் என் வேர்வை பட்ட கொஞ்ச நேரத்தில் அது லேசாகப் புளித்துவிட்டது. அதே ரோஜா மதினியின் கையில் கடைசிவரை பூவாகவே இருந்தது. மல்லிகையில் எனக்கு ஏமாற்றம்தான். கொடியில் இருக்கிற மல்லிகை அதில் இல்லை. கனிந்த வாழைப்பழத்தின் திகட்டலாகத் தொடங்கி, போகப்போக முதல் நாள் வைத்த பூவைக் காலையில் கூந்தலிலிருந்து உருவும்போது வருகிற வாடையாக முடிந்தது. சந்தனம் முதலில் ஒன்றுமே சொல்லவில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டு வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, சுண்டக் காய்ச்சிய பாலைப்போல எங்கிருந்தோ மெல்ல வந்தது. மதினிக்கு மட்டும் சந்தனம் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கையில் அது நனைந்த பலகையாக நாறியது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் மோந்துகொண்டு சிரித்தோம். வெட்டிவேரைத் தொட்டு வைத்ததும் கையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கோடை முடிந்து காய்ந்த கரிசலில் முதல் மழை விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "இதுதான் ஒனக்கு" என்றாள் மதினி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பெட்டியில் ஒரு சின்னப் புட்டி மிச்சம் இருந்தது. தாழம்பூ. பாம்பன் பக்கம் கடற்கரை மணலில் தாழம்புதர்கள் உண்டு. அதைப் பார்த்ததும் மதினி சின்னப்பிள்ளையாகிவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். "எங்கன வேணா வையி. வச்ச எடத்தயும் சொல்றேன், எங்க ஊரு தாழம்பூவா இல்லையான்னும் சொல்றேன்" என்றாள். மற்ற இடங்களில் எல்லாம் எண்ணெய் இருந்ததால், முழங்கைக்குச் சற்றுக் கீழே வைத்தேன். அங்கே ரூபாய்க் காசு அளவில் வெளிறிய ஒரு தேமல் இருந்தது. பூவரசங்காயை உரசிப் போட்டால் போய்விடும் என்று ஆத்தா சொல்லிக்கொண்டிருந்த தேமல். பஞ்சுக் குச்சியால் தொட்டு, விரலால் நன்றாகவே தேய்த்துவிட்டேன்.

மதினி கண்ணைத் திறக்காமல் சிரித்தபடி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"போடு புள்ள, ஏன் நிக்கிற?"

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "போட்டாச்சே மதினி" என்றேன். அவள் மூக்கு சுருங்கியது. அவளுக்கு வாசம் வந்துவிட்டது, கையில் எந்த இடத்தில் வைத்தேன் என்றுதான் தெரியவில்லை. அத்தரம்மா மட்டும் சிரிக்கவில்லை. புட்டியின் கண்ணாடி மூடியை எடுத்து அந்தத் தேமலின் மேல் அழுத்தினாள்.

"இது தெரியுதா மகளே?"

"எது?"

மூடியைத் தேமலுக்கு வெளியே வைத்தாள். "ஆத்தி, குளுருது" என்று மதினி கையை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

ஆத்தா அப்போது கொல்லையில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அத்தரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது தேமல் இல்ல மகளே. என் கூடப் பொறந்தவனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. அவன் காலத்துல மருந்தில்ல, வெரலெல்லாம் மழுங்கிப் போயிருச்சு. இப்ப மாத்திரை வந்திருச்சு, அல்லா காப்பாத்துவான். நாள் கடத்தாம ஆஸ்பத்திரிக்குப் போயிரு." சொல்லிவிட்டு, எண்ணெய் மினுங்கிய அந்தக் கையை எடுத்துத் தன் துப்பட்டி முனையால் துடைத்துவிட்டாள். தேமலையும் சேர்த்துத்தான். அந்த வீட்டில் மதினியை அப்படித் தயங்காமல் தொட்ட கடைசி ஆள் அவள்தான்.

அவள் போனபிறகு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங் கல்யாணம் முடியட்டும் புள்ள. பேச்சு வெளிய போச்சுன்னா ஒன்னய எவன் கட்டுவான்? முடிஞ்ச மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லிராத" என்றாள். சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். பண்ணும்போதே, அவள் பிடித்திருந்த கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு நாள் தாங்கினேன். அவள் சீப்பை நான் தொடவில்லை. அவள் பிசைந்து வைத்த சோற்றை யாருக்கும் தெரியாமல் நாய்க்குப் போட்டேன். கிணற்றடியில் என் கையையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை, அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆத்தா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மதினியின் சோற்று வட்டிலையும் செம்பையும் தனியாக எடுத்து வைத்தாள். அண்ணன் சாயங்காலம் வந்து எல்லாம் கேட்டுவிட்டு, ஆத்தா சொன்னபடி பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். மறுநாள் காலை பஸ்ஸுக்கு மதினியின் தகரப் பெட்டி கட்டப்பட்டது. புறப்படும்போது அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். "அந்த வெட்டிவேரையே வச்சுக்க புள்ள. அதுதான் ஒனக்கு எடுக்குது" என்று மட்டும் சொன்னாள்.

பெண் பார்க்க வந்த அன்று ஆத்தாவே அந்த அத்தரை என் கழுத்தில் தொட்டு வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை அருகில் உட்காரவைத்து, "நல்ல வாசமா இருக்காளே" என்றாள். பிறகு, அண்ணன் பெண்டாட்டி எங்கே என்று கேட்டாள். ஆத்தா முகம் மாறாமல், "தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லையென்று எந்த வாயால் மதினியைக் குத்திக்கொண்டிருந்தாளோ அதே வாயால் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடந்தது. இராமேஸ்வரத்துக்கு வந்துவிட்டேன். என் மாமியார் யாத்திரைக்காரர்களுக்கு வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். வடக்கே இருந்தும் தெற்கே இருந்தும் யார் யாரோ வருவார்கள், போவார்கள். மதினியைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா சேர்த்துவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறாள் என்றார்கள். அண்ணன் முதல் வருஷம் இரண்டு முறை போய்ப் பார்த்தார். பிறகு கடலாடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர், போவதை நிறுத்திக்கொண்டார். வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவளைக் கூட்டிக்கொள்ளவும் இல்லை. பிரசவத்துக்குப் போனவள் என்ன ஆனாள் என்று மாமியார் கேட்டபோது, பிள்ளையும் தங்கவில்லை, அவளும் அப்பன் வீட்டோடு இருந்துவிட்டாள் என்று நானே ஒரு கதை கட்டினேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று என்று அப்படியே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. யாத்திரைக்காரி என்று நினைத்துத்தான் போனேன். மதினி. முன்னைவிடக் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். விரல்கள் எல்லாம் நன்றாக இருந்தன. முதலில் என் கண் போனது அந்த விரல்களுக்குத்தான். அவளும் அதைக் கவனித்தாள்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து மாமியார் வந்தார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. "எங்க ஊர்க்காரங்க அத்தை" என்றேன்.

மதினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஆமாங்கம்மா, இவங்க தெருதான். சாமி கும்பிட வந்தேன். இவங்க இங்கன இருக்காங்கன்னு சொன்னாங்க, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." என்றைக்கும் என்னைப் புள்ள என்று கூப்பிட்டவள், என்னை இவங்க என்றாள்.

மாமியார் அவளை உள்ளே உட்காரவைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கப் போனாள். "வெயில்ல வந்திருக்கீங்க, வாய வச்சு நிதானமாக் குடிங்க" என்றார்கள் மாமியார். மதினி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வாய் வைத்துத்தான் குடித்தாள். குடித்துவிட்டு, என்னிடம் சொல்வதற்காக மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்: "ஒடம்பு சொகமில்லாம இருந்தேம்மா. இப்ப நல்லாயிருச்சு. மாத்திரையும் நிப்பாட்டிட்டாங்க. இனிமே பயமில்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலை பாக்கேன்."

"என்ன ஒடம்புக்கு?"

"காச்சல்தாம்மா. விட்டு விட்டு வந்துச்சு."

என் மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி எட்டி நின்று பார்த்தாள். "ஒங்க சாயல்தான்" என்றாள். கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். நானும் இருக்கச் சொல்லவில்லை.

அவள் தெருமுனை திரும்பினதும் அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கொதிக்கிற வெந்நீரை ஊற்றினேன். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன். கழுவினேன், மறுபடியும் தேய்த்தேன். கை சுட்டது. நிறுத்த முடியவில்லை. நிழல் விழுந்ததால் நிமிர்ந்தேன். மதினி நின்றுகொண்டிருந்தாள். குடையை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்தவள், வாசலில் யாரும் இல்லாததால் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கே வந்திருக்கிறாள்.

என் கையிலிருந்த செம்பையும் ஆவி பறக்கிற பானையையும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நல்லாத் தேச்சுக் கழுவு புள்ள" என்றாள். "அப்பத்தான் ஒனக்கு மனசு ஆறும்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். பிள்ளைக்கு உடம்பு, மாமியாருக்கு உடம்பு என்று ஏதாவது ஒரு காரணம் வரும். அந்தக் காரணங்கள் எனக்கு ஆறுதலாகவே இருந்தன.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் வந்து, அவள் போய்விட்டாள் என்று சொன்னார். விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் திக்கித் திக்கிச் சொல்லிவிட்டுப் போனபிறகு, அடுப்படியில் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வியாதியை, பிரசவப் பொய்யை, ஊர்க்காரி என்று சொன்னதை, செம்பை. இந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இத்தனையும் செய்தேன் என்று அழுதேன்.

மாமியார் எரிந்துகொண்டிருந்த விறகை உள்ளே தள்ளினார்கள். பிறகு அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்கள்:

"மத்தியான நேரத்துல வந்தாளே, அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருக்கலாமேடி. வெறும் மோரோடயா அனுப்பிட்டோம்?"