பாடை தூக்கும் அடி

இனியவனுக்கு நன்றாக இசையமைக்கத் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லத்தான் தெரியாது. திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கோடை இசை விழா. இசையமைக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து வளாகத்திலேயே தங்கவைத்தார்கள். பெருமுக்கல் காலனிப் பையனுக்கு விடுதியில் தனி அறை, ஃபேன், ஒரு கீபோர்டு. வந்த அன்றே துணி காயப்போடக் கொடி கட்டினான், கீபோர்டை ஜன்னலோரம் நகர்த்தினான். அப்பா மேளத்தோடு நிற்கும் போட்டோவை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டான்.

அவன் அப்பா அந்தோணிசாமி சாவு மேளம் அடிப்பவர். பாடை தூக்கும்போது அவர் அடிக்கும் அடி ஒன்று உண்டு. அது காதில் விழுந்தால் காலனியில் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அந்த அடியை வைத்துத்தான் இனியவன் தன் புது இசையை அமைத்திருந்தான். பிரமாதமாகவே அமைத்திருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விழாவை நடத்தும் தேவயானி மேடம் எல்லார் முன்னாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, வாய் கூசாமல் நடவுப் பாட்டு என்றான். விழாவுக்கு வந்திருந்த சென்னைப் பிள்ளைகள் ஆஹா என்றார்கள். அப்போதே திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னானா? இல்லை.

அந்த வாரக் கடைசியில் அந்தோணிசாமி வந்தார். ஒரு கையில் மல்லாட்டைப் பை, அவித்த வேர்க்கடலை. இன்னொரு கையில் தலையணை. விடுதித் தலையணை மகனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். அரங்கில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் கால் வைக்கும்போது அந்த அடி எழுந்தது. செருப்பை உதறினார், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றுவிட்டார்.

செருப்போடு உள்ளே வரலாம் என்று தேவயானி மேடம் அழைத்தார். இனியவனின் அப்பா என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க ஊர் நடவுப் பாட்டுதானே ஐயா இது?"

அந்தோணிசாமி மகனைப் பார்த்தார். மகன் கீபோர்டைப் பார்த்தான்.

"ஆமாங்க. நாத்து நடறப்போ பாடுவாங்க" என்றார் அப்பா.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். இனியவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கேட் வரை அப்பாவோடு நடந்தான். கச்சேரிக்கு முன்வரிசையில் அவருக்கும் நாற்காலி போடுகிறார்கள், அவசியம் வரவேண்டும் என்று கெஞ்சினான்.

"வேணாம்பா. அத அடிக்கறப்போ என்னால செருப்பு போட்டுக்கினு குந்தியிருக்க முடியாது. நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. உனுக்குத்தான் பேஜாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவரோ மல்லாட்டை ஊசிப்போவதற்குள் தின்னச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கச்சேரியில் நடவுப் பாட்டு என்றே அறிவித்தார்கள். வாசிக்கிறவர்கள் மேடையில் இருந்தார்கள், இசையமைத்த இனியவன் முன்வரிசையில் புது ஷூ போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலி. அடி எழுந்தது. குனிந்து ஷூவைக் கழற்றினான்.

காலியாக இருந்த நாற்காலிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, என்ன தம்பி ஆச்சு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். புது ஷூ, கடிக்குது" என்றான்.