கடற்படைக்காரருக்கு ஒரு பூசை

ஞாயிறு காலை பதினொன்றே கால். மாண்ட்ரீலின் செயின்ட்-மிஷேல் பகுதித் தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் படியிறங்குவதற்குள் நான் ஜான்-டலோன் தெருவில் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். அது 2004 அக்டோபர். என் பெட்டி ரீட்டா அக்கா வீட்டில் கிடந்தது. மெட்ரோவுக்கு இரண்டரை டாலர், நடந்தேன்.

ரீட்டா அக்கா மன்னார்க்காரர். வான்கூவரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என்னை, தமிழன் என்பதற்காகவே மூன்று வாரம் வைத்துச் சோறு போட்டவர். வியாழக்கிழமை பழைய துறைமுகத்தைக் காட்டக் கூட்டிப் போனார். பஸ்ஸில் படித்த ஆங்கில நாவல் ஒன்றை அங்கே அவருக்குச் சொன்னேன். அமெரிக்கா உருவான காலத்தில் அதன் கடற்படையை நிர்வகித்த அரசியல்வாதி ஒருவர், தன் கப்பல்களால் செத்தவர்களை எண்ணி அழுது, இந்த ஊரில் மனம் திரும்பி இறக்கிறார். சரித்திரம் என்றே சொன்னேன். ஆள் நிஜம்தான். ஆனால் அவர் மாண்ட்ரீலுக்கு வந்ததே இல்லை என்று நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரே எழுதியிருந்தார். அதையும் நான் படித்திருந்தேன்.

அக்கா அந்த அமெரிக்கரின் பெயரை இருமுறை கேட்டுக்கொண்டார். கதை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். அக்காவின் தம்பி பெயர். அடுத்ததாக, நாக்குத் தடுமாறி, அந்த அமெரிக்கரின் பெயர். அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை என் காதருகே குனிந்தார்.

"தம்பியைக் கடலில இலங்கை நேவி சுட்டது. பதினெட்டு வருசமா ஒரு நேவிக்காரனுக்கும் இவள் மன்றாடேல்லை. உன்ர கதைதான் மாத்தினது."

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மூன்று கிலோமீட்டர் தாண்டி, தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடை வாசலில் இருந்த போனில் காசு போட்டு அக்கா வீட்டுக்கு அழைத்தேன்.

"அக்கா, அவர் இங்க வரவே இல்ல. வயசாகி அவர் ஊர்லயே செத்தாரு."

"மனம் வருந்தினவர்தானே?"

"அது கதை எழுதினவர் சேர்த்தது."



"என்ர தம்பியின்ர பேருக்குப் பக்கத்தில அவற்ர பேரைப் போட்டனானடா."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"முகத்துக்கு நேர சொல்ல ஏலாதோ உனக்கு? பெட்டியை இவரிட்டக் குடுத்து பஸ் நிலையத்துக்கு விடுறன். நீ வீட்ட வராதை."

இரவைப் பஸ் நிலையத்தில் கழித்தேன். திங்கள் காலை ஆறரைக்குப் பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை கேட்டேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர்.

"உனக்காகப் பொறுப்புச் சொல்ல இஞ்ச ஆரும் இருக்கினமோ?"

போன ஊரிலெல்லாம் இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

"நேத்து வரைக்கும் இருந்தாங்க," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மணிக்கு ஏழு டாலர் என்று சொல்லி, இறக்க வேண்டிய வெங்காய லாரியைக் காட்டினார்.